இரண்டு கப்பல், ஒரு சக்கர நாற்காலி: ஜூன் விடுமுறைத் தீவுப் பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் யீஷூனில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் ஆறு பேர் கொண்ட குடும்பம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. கணவரின் பெற்றோரும் உடன் இருக்கிறார்கள்; தாத்தாவுக்கு 77, பாட்டிக்கு 74. நால்வர் சிங்கப்பூர்க் குடிமக்கள். தாத்தாவும் பாட்டியும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள்.

பாட்டிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பார். கடைத்தொகுதிக்கோ மருத்துவமனைக்கோ போவதென்றால் மடக்குச் சக்கர நாற்காலி வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால் பத்துப் பன்னிரண்டு படி ஏறிவிடுவார், இறங்குவதுதான் கடினம். முட்டைகூடச் சேர்க்காத சைவம். தாத்தா இருபது ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவர். இரவில் ஒருமுறை நீடித்து வேலை செய்யும் இன்சுலின், மூன்று வேளையும் சாப்பாட்டுக்குச் சற்று முன் விரைவு இன்சுலின் என்று நாளுக்கு நான்கு ஊசி.

விமானம் வேண்டாம் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. ஜூன் பள்ளி விடுமுறையில் நான்கு இரவு, ஐந்து நாள் கப்பல் பயணம். ஏதாவது ஒரு தீவு. மொத்தச் செலவு 7,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்). பாட்டிக்குப் பினாங்கு மகா மாரியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்ய ஆசை. பேரனுக்கு நீர்ச்சறுக்கு.

எதிரே இருந்த இரண்டு கப்பல்கள்

இரண்டும் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து மாலை 4 மணிக்குப் புறப்படுபவை, மறுநாள் பிற்பகல் 2 மணிக்குப் பினாங்கு அடைபவை. வேறுபாடு மூன்றாம் நாளில்தான். பெரிய கப்பல் தாய்லாந்தின் புக்கெட் போகிறது. காலை 9 முதல் மாலை 6 வரை பாட்டோங் விரிகுடாவில் நிற்கும். சிறிய கப்பல் மலேசியாவின் லங்காவி போகிறது. காலை 8 முதல் மாலை 5 வரை. நான்காம் நாள் இரண்டுக்குமே முழுக்கக் கடல். ஐந்தாம் நாள் காலை சிங்கப்பூர்.

பெரியது ஏறத்தாழ 160,000 டன், 4,000 பயணிகள். சிறியது 75,000 டன், 1,900 பயணிகள். இந்த டன் எடையைக் குறிப்பதல்ல, கப்பலின் உள்ளிடக் கொள்ளளவைக் குறிப்பது. கொள்ளளவைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் நெரிசல் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். இங்கே இரண்டிலும் தலைக்கு 40 அளவில்தான் வந்தது. பெரிய கப்பல் என்றால் தாராளமாக இருக்கும், சிறியது என்றால் இடிபட வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போனது.

செலவு: துறைமுகக் கட்டணம் உட்பட பெரிய கப்பலில் ஆறு பேருக்கு 5,640 வெள்ளி. சேவைக் கட்டணம் தலைக்கு ஓர் இரவுக்கு 22 வெள்ளி. ஆறு பேர், நான்கு இரவு என்றால் 528. ஆக 6,168. சிறிய கப்பலில் கட்டணம் 4,720, சேவைக் கட்டணம் தலைக்கு 20 வீதம் 480, ஆக 5,200. குழந்தைகளுக்கும் சேவைக் கட்டணம் உண்டு என்பதைப் பலர் கடைசி நாள் பில்லில்தான் பார்க்கிறார்கள். இந்தக் குடும்பம் முன்பே கேட்டு வாங்கி ஒரே தாளில் எழுதி வைத்தது.

கணவர் பெரிய கப்பல் பக்கம் நின்றார். நீர்ச்சறுக்கு, உள்ளரங்க விளையாட்டு, பெரிய நாடக அரங்கு எல்லாம் அதில் உண்டு. பெரிய உடல் கொண்ட கப்பல் குறைவாக ஆடும் என்பதும் அவர் வாதம். அது சரியான வாதம்தான். சிறிய கப்பலில் இருந்தது ஒரே ஒரு நீச்சல் குளம்.

கரையில் இறங்கும் முறை

விளம்பரத் தாளில் இரண்டு பயணத்துக்கும் ஒரே மாதிரி ‘இரண்டு துறைமுகங்கள்’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் ‘துறைமுகம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் முற்றிலும் வேறான இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலும் லங்காவியின் தென்மேற்கில் உள்ள கப்பல் துறையிலும் கப்பல் நேராகக் கரையோடு கட்டப்படும். இறங்கு பாலம் வைப்பார்கள், நடந்தோ சக்கர நாற்காலியிலோ போகலாம். பாட்டோங்கில் அந்த வசதி இல்லை. பெரிய கப்பல் விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளை டெண்டர் எனப்படும் படகுகளில் ஏற்றி, மிதவைத் துறையில் கொண்டு இறக்குவார்கள். கப்பலின் அடித்தளத்தில் ஒரு பக்கக் கதவைத் திறந்து மேடை போடுவார்கள். படகு அந்த மேடையை ஒட்டி அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது மேலே வரும் நொடியில் கால் வைக்க வேண்டும். இரண்டு ஊழியர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் ஆளைத் தூக்க மாட்டார்கள். நாற்காலியை மடக்கித் தனியாக ஏற்றுவார்கள். அதில் உட்கார்ந்தவர் எழுந்து தாமாகச் சில அடி நடந்தாக வேண்டும்.

இதோடு பருவம் சேர்கிறது. ஜூன், தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மலாக்கா நீரிணைக்குச் சுமத்திரா ஒரு சுவர்போல நிற்பதால் பினாங்கு வரை கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். நீரிணையைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் நுழைந்ததும் அந்த மறைப்பு போய்விடுகிறது. பாட்டோங் விரிகுடாவின் வாய் மேற்கு நோக்கித் திறந்திருப்பதால் பருவக்காற்றின் அலை நேராக உள்ளே வரும். மே முதல் அக்டோபர் வரை அங்கே கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும் நாள்கள் பல. கொந்தளிப்பு மிகுந்தால் கப்பல் தலைவர் படகு இறக்குவதை நிறுத்திவிடுவார். கடலிலேயே நின்று திரும்ப வேண்டியதுதான். பயண ஒப்பந்தத்தில் இதற்கான உரிமை அவருக்குத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அப்படி நடந்தால் பயணிக்குத் திரும்பக் கிடைப்பது அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டுமே.

லங்காவி, மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில் இருப்பதால் அங்கேயும் அலை ஓரளவு வரும். காற்று பலமாக இருந்தால் கப்பல் கட்டுவது தாமதமாகலாம். ஆனால் கட்டிவிட்டால் பாட்டி இறங்க முடியும்.

புக்கெட் தீவின் தென்கிழக்கில், பருவக்காற்றுக்கு மறைவாக மக்காம் விரிகுடாவில் ஓர் ஆழ்கடல் துறைமுகம் இருக்கிறது. சில கப்பல்கள் அங்கே கட்டுகின்றன. ஆகவே ‘புக்கெட்டில் எங்கே நிற்கும், கட்டுமா, படகா?’ என்று முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெற்றார்கள். ‘பாட்டோங், படகு’ என்று வந்தது. தொலைபேசியில் முதலில் கிடைத்த பதில் ‘புக்கெட் போர்ட்தான்’ என்பது. எழுத்தில் கேட்டிராவிட்டால் இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்காது.

கரையில் எத்தனை மணி நேரம்?

ஒன்பது மணி நேரம் நிற்கும் கப்பலில் ஒன்பது மணி நேரமும் கரையில் இருக்க முடியாது. பெரிய கப்பலின் 4,000 பேரில் 2,500 பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். நான்கு படகு, ஒவ்வொன்றிலும் 120 பேர், போய் வர 40 நிமிடம் என்றால் மணிக்கு 720 பேர். எல்லாரையும் இறக்க மூன்றரை மணி நேரம். நிறுவனத்தின் சுற்றுலா வாங்கியவர்களுக்கு முன்னுரிமை. மற்றவர்கள் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். திரும்பும் கடைசிப் படகு புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. நடுவரிசையில் எண் கிடைத்தால் காலை 11 முதல் பிற்பகல் 4 வரை, ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சிறிய கப்பலில் இரண்டு இறங்கு பாலம். அரை மணி முதல் முக்கால் மணியில் வெளியே வந்துவிடலாம். லங்காவியில் ஏழு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள்.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் போனால், கரையில் கைப்பேசி தானாக மாறிக் காட்டும் நேரத்தை நம்புகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். தாத்தாவின் ஊசி நேரத்துக்கும் இது குழப்பம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரம் ஒன்றே.

முடிவும் அதன் காரணமும்

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் கணவர் பெரிய கப்பலை விடவில்லை. குழந்தைகள் ஆசை நியாயமானது, அலை இல்லாத நாளாகவும் இருக்கலாம் என்றார். அப்போது பாட்டி சொன்னது: “நான் ரூம்லயே உக்காந்துக்கறேன்பா. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க.”

மருமகள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார். இரண்டாண்டுக்கு முன் பாத்தாம் போனபோதும் அத்தை இதையேதான் சொன்னார், படகுத்துறைக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று நினைவூட்டினார். அதன் பிறகு கேள்வி மாறியது. எந்தக் கப்பல் சிறந்தது என்று கேட்பதை விட்டு, ஆறு பேரும் சேர்ந்து இறங்குவதற்கு எதில் வாய்ப்பு அதிகம் என்று கேட்டார்கள். பினாங்கு இரண்டுக்கும் பொது. மூன்றாம் நாளைப் பார்த்தால் சிறிய கப்பலில் அந்த வாய்ப்பு மிக அதிகம்.

முதியோரோடு பயணம் திட்டமிடும் நம் வீடுகளில் ‘நீங்க போயிட்டு வாங்க’ என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சம்மதம் அல்ல. பிள்ளைகளுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்ற எண்ணம். இந்தக் குடும்பம் அதைச் சரியாகப் புரிந்துகொண்டது என்பதே இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இடம் என்று கருதுகிறோம்.

சிறிய கப்பல் பதிவானது, புறப்பாட்டுக்கு ஐந்து மாதம் முன்பு.

அறை

சாதாரண அறையின் கதவு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம். பாட்டியின் நாற்காலி 63. மடக்கினால் உள்ளே போகும், ஆனால் அவர் வாசலில் எழுந்து நடக்க வேண்டும். அதைவிட ஆபத்து குளியலறை: தண்ணீர் வெளியே வராதிருக்க வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். இரவில் கப்பல் ஆடும்போது அரைத் தூக்கத்தில் அதைத் தாண்டுகையில்தான் முதியவர்கள் விழுகிறார்கள். உடற்குறையுள்ளோருக்கான அறையில் கதவு 80 சென்டிமீட்டருக்கு மேல், குளியலறையில் தடுப்பு இல்லை, சுவரில் கைப்பிடி, குளிக்க உட்காரும் பலகை. கட்டணம் கூடுதல் இல்லை, ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. நிறுவனத்தின் படிவத்தில் தேவையை எழுதித் தர வேண்டும். சிறிய கப்பலில் ஆறாம் தளத்தில், நடுப்பகுதியில் அப்படி ஓர் அறை கிடைத்தது. பெரிய கப்பலில் மீதம் இருந்தது பத்தாம் தளத்தில், முன்முனைக்கு அருகில். கப்பல் முன்னும் பின்னும் எழுந்து தாழும்போது முனைகளிலும் மேல்தளங்களிலும் ஆட்டம் அதிகம். நடுவில், கீழே, குறைவு. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் இந்த எழுச்சி தாழ்ச்சியைக் குறைப்பதில்லை.

தளம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். அவசரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாரும் ஒன்றுகூடும் இடம் ஐந்தாம் தளத்தில். ஆறாம் தளத்திலிருந்து ஒரு மாடிப்படி. பத்தாம் தளத்திலிருந்து ஐந்து மாடிப்படி.

அந்த அறையில் இருவர்தான் தங்கலாம். மற்ற நால்வருக்கும் இரண்டு கட்டில், இரண்டு மடிப்புப் படுக்கை கொண்ட ஓர் அறை, அதே தாழ்வாரத்தில்.

மருந்து, உணவு

அறையில் இருக்கும் சிறு குளிர்பெட்டி பெரும்பாலும் பானத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் அளவுக்குத்தான் வேலை செய்யும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஒரு சிறு வெப்பமானியை எடுத்துச் சென்று முதல் இரவே பார்த்தார்கள்: 13 டிகிரி. உபரிப் பேனாக்களைக் கப்பலின் மருத்துவ நிலையத்தில் பெயர் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். பயன்பாட்டில் இருந்த இரண்டு பேனா அறை வெப்பத்திலேயே இருந்தன. பத்து நாளுக்கான மருந்து, பலதுறை மருந்தகத்தின் கடிதம், பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பா எல்லாம் கைப்பையில். முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும் என்பதால் கடப்பிதழும் மருந்தும் அதற்குள் போகவே கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை உண்டு, 5.45க்கும் 8.15க்கும், தாத்தாவுக்காக முதலாவதைக் கேட்டு வாங்கினார்கள்.

கடல் மயக்கத்துக்கான மாத்திரை தூக்கம் தரும், முதியவர்களுக்குத் தடுமாற்றமும் தரலாம். மருத்துவரைக் கேட்டபின் பாட்டி அதைத் தவிர்த்தார். தேவைப்படவும் இல்லை.

உணவுக்கு ‘சைவம்’ என்று மட்டும் எழுதவில்லை. மீன், முட்டை, சிப்பிச் சாறு, பெலாச்சான் (இறால் விழுது), கோழிச் சாறு வேண்டாம். பால், தயிர் வேண்டும் என்று பட்டியலாகவே பதிவில் சேர்த்தார்கள். சீன, தாய் சமையலில் காய்கறி மட்டுமே தெரியும் பதார்த்தத்திலும் சிப்பிச் சாறோ மீன் சாறோ இருக்கும். முதல் இரவு வந்த தக்காளி சூப் கோழிச் சாற்றில் செய்தது. கேட்டதும் பரிமாறுபவரே எடுத்துச் சென்றார். அன்றிலிருந்து உணவகத் தலைவர் மறுநாள் உணவுப் பட்டியலை முந்தைய இரவே பாட்டியிடம் காட்டி, வேண்டியதைக் குறித்துக்கொண்டார். பருப்பும் சப்பாத்தியும் நான்கு நாளும் கிடைத்தன. பல கப்பல்களில் இந்த முறை உண்டு, கேட்டால் செய்வார்கள்.

தாள்களில் ஏற்பட்ட சிக்கல்

புறப்பாட்டுக்கு மூன்று வாரம் இருக்கையில்தான் தாத்தாவின் மறுநுழைவு அனுமதி பயணத்துக்கு முந்தைய வாரமே முடிகிறது என்பது தெரிந்தது. கடப்பிதழில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டார்கள். கப்பல் சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரில் இறங்கினாலும் நடுவில் நாட்டை விட்டு வெளியேறுவதாகத்தான் கணக்கு. செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி இல்லாத நிரந்தரவாசி வெளியே இருந்தால் அந்தத் தகுதியே ஆபத்துக்குள்ளாகும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் அன்றே விண்ணப்பித்தார்கள். ஒன்பது நாளில் கிடைத்தது. இடையில் பதிவை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் ரத்து என்றால் பாதிக்கு மேல் போயிருக்கும்.

மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை, நிரந்தரவாசிகளுக்குத் தேவை. அதைத் தாத்தா, பாட்டி இருவருக்கும் மலேசியா சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினார்கள். திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டை ஆறு பேருக்கும். தரைவழிச் சாவடிக்கான விலக்கு கடல்வழிக்கு இல்லை.

பயணக் காப்புறுதியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்து எடுத்தார்கள். சாதாரணத் திட்டத்தில் நீரிழிவு தொடர்பான சிகிச்சை விலக்கப்பட்டிருந்தது.

பயணம்

முதல் நாள். ஏழு இருக்கை வண்டியில் முனையம் போனார்கள். பாதுகாப்புச் சோதனையில் பாட்டியின் சிறு அரிசிக் குக்கரும் மின்கெண்டியும் பிடிபட்டன. சூடேறும் மின்கருவி எதுவும் அறைக்குள் கூடாது. கப்பலில் தீயைவிடப் பெரிய அச்சம் இல்லை. ரசீது கொடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள் திருப்பித் தந்தார்கள். முறுக்கும் பருப்புப் பொடியும் அனுமதிக்கப்பட்டன. புறப்படும் முன்பே அவசரப் பயிற்சி நடந்தது. முன்பு 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது; 2012இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கோர்டியா என்ற பயணக் கப்பல் கவிழ்ந்த பிறகு விதி இறுக்கப்பட்டது. பாட்டியின் அறை எண்ணுக்கு எதிரே ‘படியில் உதவி தேவை’ என்று ஊழியர் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள். பினாங்கில் 2.50க்கு வெளியே வந்தார்கள். ஓதம் ஏறியிருந்ததால் இறங்கு பாலம் சரிவாக இருந்தது. ஊழியர் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்கினார். எட்டு மணிக்குத் திரும்புகையில் நீர்மட்டம் மாறிப் பாலம் ஏறத்தாழச் சமமாகிவிட்டது. துறையிலிருந்து லிட்டில் இந்தியா ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் ஜார்ஜ்டவுன் கடைமுன் நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறும். நாற்காலியைச் சாலையில்தான் தள்ள வேண்டும். வேன் எடுத்தது நல்லதாயிற்று. குவீன் தெருவில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலுக்குப் பின் நடை சாத்தியிருக்கும் என்பதால் முதலில் சாப்பாடு, பிறகு மாலை நடை திறந்ததும் அர்ச்சனை. தண்ணீர்மலை முருகன் கோயிலையும் பார்க்கத் தாத்தா விரும்பினார். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் என்பதால் அடிவாரத்தோடு திரும்பினார்கள்.

மூன்றாம் நாள். விடியுமுன் சுமத்திராப் புயல்காற்று வந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலோ காலையிலோ மேற்கிலிருந்து வரும் இடி மழைக் காற்று இது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கப்பல் 8 மணிக்குப் பதில் 9.40க்குத்தான் கட்டியது. மலைக் கம்பிவட வண்டி (கேபிள் கார்) காற்றால் நிறுத்தப்பட்டிருந்தது. இணையத்தில் முன்பே வாங்கிய ஆறு சீட்டும் வீண். வேறொரு நாளுக்கு மாற்றித் தருவோம் என்றார்கள், மாலையே புறப்படும் கப்பல் பயணிக்கு அதனால் பயன் இல்லை.

கழுகுச் சதுக்கம் போய்விட்டுச் செனாங் கடற்கரைக்கு வந்தார்கள். உலர்ந்த மணலில் நாற்காலிச் சக்கரம் நான்கு அடி போனதும் புதைந்தது. ஓதம் இறங்கிய நேரம் என்பதால் நீரோரத்து ஈர மணல் கெட்டியாக இருந்தது. மகனும் மருமகளும் இருபுறமும் தாங்க, பாட்டி இருபது அடி நடந்து கணுக்கால் நீரில் பத்து நிமிடம் நின்றார். பேரன் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். லங்காவிக் கடலில் பெட்டி ஜெல்லி மீன் உண்டு. கொட்டினால் முதலில் ஊற்ற வேண்டியது வினிகர். அரை லிட்டர் கையில் வைத்திருந்தார்கள், குழந்தைகளை முழங்காலுக்கு மேல் இறங்க விடவில்லை.

நான்காம் நாள்தான் சிரமம். காலை முதல் மழை, இடி. மின்னலால் திறந்தவெளிக் குளம் மூடப்பட்டது. குழந்தைகள் மன்றத்தில் காலை அமர்வு நிரம்பிவிட்டது. ஆறு வயது மகன் பகல் முழுக்க அழுதான். ‘அந்தக் கப்பலில் சறுக்கு இருந்தது’ என்று அவனுக்கு நினைவிருந்தது. மகள் தாத்தாவோடு சீட்டாடினாள். அன்று மாலை தாத்தாவின் கைப்பேசிக்கு 64 வெள்ளி கட்டணச் செய்தி வந்தது. கரை அலைவரிசை விட்டதும் அவர் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்துக்கொண்டது. மற்ற எல்லாருடையதையும் விமானப் பயன்முறையில் போட்ட கணவர், தன் அப்பாவுடையதை மறந்திருந்தார்.

ஐந்தாம் நாள் சுங்கத்தில் ஒரு சிறு செலவு. லங்காவி வரியில்லாத் தீவு என்று கணவர் ஒரு லிட்டர் விஸ்கி வாங்கியிருந்தார். மலேசியாவில் வாங்கிய மதுவுக்குச் சிங்கப்பூரில் சலுகை இல்லை. 40 விழுக்காடு ஆல்கஹால், தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி வீதம் 35.20 வெள்ளி தீர்வை, விலையும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி. செயலி வழியாக முன்பே அறிவித்துக் கட்டிவிட்டார், தண்டனை எதுவும் இல்லை.

பெரிய கப்பலில் நடந்தது

அதே தேதியில் பெரிய கப்பலில் போன அண்டை வீட்டார் பிறகு சொன்னது: பாட்டோங்கில் அன்று கடல் பொறுத்துக்கொள்ளும்படியே இருந்தது. படகுகள் ஓடின. காத்திருப்பு 2 மணி 20 நிமிடம். கரையில் நாலரை மணி நேரம். தாமாக மூன்று படி இறங்க முடிந்த சக்கர நாற்காலிப் பயணிகளை ஏற்றினார்கள், முடியாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆக, பெரிய கப்பலில் போயிருந்தால் பாட்டியும் புக்கெட்டில் இறங்கியிருக்கக்கூடும், படகின் அந்த மூன்று படியைத் துணிந்திருந்தால். இதனால் எடுத்த முடிவு தவறாகிவிடாது. ஐந்து மாதம் முன்பு அன்றைய அலையை யாரும் அறிந்திருக்க முடியாது. அறிய முடிந்தவை பருவம், விரிகுடா திறந்திருக்கும் திசை, இறக்கும் முறை, முழங்காலின் நிலை ஆகியவையே. அதே சமயம் இந்த முடிவுக்கான விலையை நான்காம் நாள் முழுக்கச் செலுத்தியவன் ஆறு வயதுப் பையன். அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மாற்ற வேண்டியவை

மறுநுழைவு அனுமதித் தேதியைக் கடப்பிதழோடு சேர்த்து, முன்பணம் கட்டும் அன்றே பார்க்க வேண்டும். கம்பிவட வண்டிபோலக் காற்றைச் சார்ந்த எதற்கும் பணம் திரும்பாத சீட்டை முன்கூட்டி வாங்கக் கூடாது. ஒருநாள் மட்டும் கரையில் நிற்பவருக்கு ‘தேதி மாற்றம்’ என்பது வெறும் காகிதம். குழந்தைகள் மன்றத்தின் கடல்நாள் அமர்வை ஏறிய மாலையே பதிய வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இடம் இருக்காது. ஆறு கைப்பேசியையும் ஒருவரே வாங்கி, முனையத்தில் அமர்ந்திருக்கும்போதே அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

தாத்தா பாட்டி அறை நாடக அரங்குக்கு நேர்மேலே அமைந்திருந்ததால் இரவு 11 வரை தாளச் சத்தம் கேட்டது. அறை எண்ணைப் பெறும்போது அதற்கு மேல்தளமும் கீழ்த்தளமும் என்ன என்று வரைபடத்தில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பாட்டோங் விரிகுடா நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருக்கும். பேரனுக்குக் கொடுத்த வாக்குப்படி டிசம்பர் விடுமுறைக்குப் பெரிய கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தாம் தள முன்முனை அறை வேண்டாம், நடுப்பகுதியில் உடற்குறையுள்ளோருக்கான அறை வேண்டும் என்றும், படகு மேடையிலிருந்து படகுக்குள் எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், இருபுறமும் கைப்பிடி உண்டா என்றும் முகவருக்கு எழுதியிருக்கிறார்கள். பாட்டி இயன்முறை மருத்துவர் சொன்னபடி வீவகப் புளோக்கின் கீழே, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று படி இறங்கிப் பழகுகிறார். முகவரின் பதில் வந்த பிறகே முன்பணம் கட்டுவதாக இருக்கிறார்கள்.